கிடைத்த இடம்

சீனியம்மாளிடம் ஓர் ஊசி வாங்குவதைவிட ரேஷன் கடையில் பாமாயில் வாங்குவது சுலபம் என்று கம்பெனியில் எல்லோரும் சொல்வார்கள். அவள் காதில் விழும்படியே சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து இருபது வருஷமாகிறது. இந்த ஊரில் அவளுக்கு வாய்த்த ஒரே அதிகாரம் அந்த ஊசி ரூம்தான். அதை அவ்வளவு லேசில் விட்டுக்கொடுப்பாளா?

அவிநாசி போகிற ரோட்டில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வேலை. தையல் மெஷின் மட்டும் தொண்ணூறு. ஊசி உடைவது அங்கே தினப்படி சமாச்சாரம். ஆனால் புது ஊசி வேண்டுமென்றால் உடைந்ததன் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டு வந்து நிற்க வேண்டும். சீனியம்மாள் துண்டுகளை ஒரு வெள்ளைத்தாளில் வரிசையாக வைத்து, பக்கத்தில் முழு ஊசி ஒன்றை வைத்து நீளம் பார்ப்பாள். சரியாக இருந்தால் நோட்டில் வைத்து டேப் ஒட்டுவாள். தேதி, மெஷின் நம்பர், டைலர் பேர் எழுதுவாள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘கிடைத்த இடம்’. அதையும் நிரப்பிய பிறகுதான் ஊசி டப்பாவின் மூடியில் கை வைப்பாள்.

இத்தனை கெடுபிடியும் வெளிநாட்டில் ஏதோ ஓர் ஊரில் இந்தப் பனியனைப் போடப்போகும் குழந்தையின் முதுகில் ஊசி குத்திவிடக் கூடாது என்பதற்காக. ஆர்டர் கொடுக்கும் பையர் கம்பெனி ஆட்கள் வந்தால் நேரே இந்த நோட்டைத்தான் கேட்பார்கள். பக்கம் பக்கமாகத் திருப்பிவிட்டு, “வெரி குட்” என்பார்கள். சீனியம்மாளுக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவளுக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். அந்தக் குழந்தைமேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நன்றாக இருக்கட்டும்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை போர்டு இருந்தது. ‘விபத்தில்லா நாட்கள்’ என்று மேலே எழுதி, கீழே நம்பர் மாட்டுவதற்குக் கொக்கி வைத்திருந்தார்கள். ஓனர் மகுடேஸ்வரன் கோயமுத்தூரில் ஏதோ ரெண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்து மாட்டியது அது. ஆரம்பத்தில் நாற்பத்தொன்று வரை போய்ப் பூஜ்யத்துக்கு வந்தது. பிறகு அறுபத்து மூன்று வரை போய்த் திரும்பவும் பூஜ்யம். மகுடேஸ்வரனுக்கு ரோசம் வந்துவிட்டது. முந்நூற்று அறுபத்தைந்து நாள் ஒரு விபத்தும் இல்லாமல் போனால் எல்லோருக்கும் ஆளுக்கொரு அஞ்சு லிட்டர் குக்கர் என்று மைக்கில் அறிவித்தார். அன்றோடு கம்பெனியில் விபத்து என்பதே ஒழிந்தது. பூசணிக்காய் சுற்றி உடைத்தும் விலகாத கண்திருஷ்டி ஒரு குக்கருக்கு விலகிவிட்டது பாருங்கள்.

நடந்தது என்ன என்பது ஊசி ரூமுக்குத் தெரியும். ஊசி விரலில் இறங்கினால் பக்கத்து மெஷின்காரி மெக்கானிக் முனீஸைக் கூப்பிடுவாள். அவன் கொறடோடு வந்து இழுத்து விடுவான். பாத்ரூம் குழாயில் விரலைக் கழுவி, வெட்டுத்துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, துண்டுகளோடு சீனியம்மாள்முன் வந்து நிற்பார்கள். துண்டில் ரத்தம் இருக்கும். அவள் துடைத்துவிட்டு ஒட்டுவாள். ‘கிடைத்த இடம்’ என்ற கட்டத்தில் ‘மெஷின் அடியில்’ என்று எழுதுவாள். முதல் தடவை எழுதும்போது மனசு உறுத்தியது. அதனால் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்தாள். எதற்கு வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆனால் அதற்கப்புறமும் ஒவ்வொன்றுக்கும் வைத்துக்கொண்டே வந்தாள்.

குக்கர்கள் வேறு முன்கூட்டியே வந்திறங்கிவிட்டன. வைக்க இடமில்லாமல் பாதிப் பெட்டிகளை ஊசி ரூமில் கூரை வரை அடுக்கினார்கள். போர்டில் முந்நூற்று ஐம்பத்தெட்டு ஆனது. இன்னும் ஏழே நாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி சுமாருக்கு ஆஷா வந்தாள். இரண்டாவது லைனில் பேட்லாக் மெஷின் ஓட்டுகிறவள். பனியனின் கழுத்துப் பட்டியும் ஓரமும் அடிப்பது அந்த மெஷின்தான். இருபத்திரண்டு வயசு, தூத்துக்குடிப் பக்கம், லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறாள். தாளில் இரண்டு துண்டுகளை வைத்தாள்.

“மொனை எங்கட்டி?” என்றாள் சீனியம்மாள்.

“காணும்க்கா. எங்கயோ தெறிச்சிட்டு.”

“தெறிச்சா தேடு. தேடிட்டு வா.”

ஆஷா போனாள். இரண்டாவது லைன் நின்றது. காந்தக் குச்சியை வைத்துத் தரையெல்லாம் துழாவினார்கள். அவள் மெஷினைச் சுற்றி இருந்த நாற்பது பீஸையும், இரும்பு இருந்தால் சத்தம் போடும் டிடெக்டரில் விட்டுப் பார்த்தார்கள். சத்தமே வரவில்லை. வெள்ளிக்கிழமை கன்டெய்னர் ஏற வேண்டிய ஆர்டர் அது. லைன் சூப்பர்வைசர் லிங்கசாமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முனை கிடைக்காவிட்டால் அந்த நாற்பது பீஸையும் கத்திரித்துக் கழிவில் போட வேண்டும் என்பது விதி. போட்டார்கள். அப்படியும் நோட்டில் கணக்கு முடியாமல் அவளுக்கு ஊசி தர வழியில்லை. லிங்கசாமி ஊசி ரூம் வாசலில் வந்து நின்றார்.

“ஏனுங்க சீனியம்மா, பழைய மொனை ஏதாச்சும் கெடந்தா ஒட்டி உட்டுப்போடுங்க. ஒரு மொனைக்காக லைனே நிக்கோணுமா?”

“அப்படி ஒட்ட மாட்டேன் சார்.”

“இதென்ன கோயில் உண்டியலுங்களா? யாரு பாக்கப்போறாங்க?”

“நான் பாக்கேனே” என்றாள் சீனியம்மாள்.

விறைப்பாகத்தான் சொன்னாள். லிங்கசாமி முணுமுணுத்துக்கொண்டே போனதும் அந்த விறைப்பு போய்விட்டது. ஏனென்றால் அவள் சொன்னது முழு உண்மை இல்லை. ஒரே ஒரு தடவை ஒட்டியிருக்கிறாள்.

அஞ்சு மாசம் முந்தி நடந்தது அது. பெரியாத்தாள் என்று ஒரு டைலர், இதே ஊர் ராயபுரத்துக்காரி, அதே இரண்டாவது லைன். ஐம்பத்திரண்டு வயசிலும் பேட்லாக்கில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அன்றைக்கு மூன்று துண்டு கொண்டுவந்து வைத்தாள். உடைந்தது பதினொன்றாம் நம்பர் ஊசி. அவள் வைத்த முனையோ பதினாலாம் நம்பர், தடிமனாக, லேசாகத் துருவேறி இருந்தது. ஊசியிலேயே உட்கார்ந்திருக்கும் சீனியம்மாளுக்கு இது தெரியாமல் போகுமா? ஆனால் பின்னால் வரிசையில் ஆறு பேர் நின்றார்கள். ஷிப்ட் முடியப் பத்து நிமிஷம் இருந்தது. பெரியாத்தாள் ஒன்றும் பேசாமல், இடது கையைச் சேலைத் தலைப்புக்குள் விட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள். சீனியம்மாள் ஒட்டினாள். ‘மெஷின் அடியில்’ என்று எழுதினாள். புள்ளியும் வைத்தாள்.

பத்து நாள் கழித்துப் பெரியாத்தாள் வேலைக்கு வரவில்லை. அரிவாள்மனையில் விரலை வெட்டிக்கொண்டாளாம், சீழ் வைத்துவிட்டதாம், ஆஸ்பத்திரியில் ஒரு கணு எடுத்துவிட்டார்களாம் என்று செய்தி வந்தது. வீட்டில் நடந்ததாகச் சொன்னதால் போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியாத்தாள் அப்புறம் கம்பெனிப் பக்கமே வரவில்லை. சீனியம்மாள் அந்த ஒரு பக்கத்தை மட்டும் திருப்பிப் பார்ப்பதே இல்லை.

மத்தியானம் சாப்பாட்டு ஷெட்டில் ஆஷாவைக் கவனித்தாள். டிபன் பாக்ஸைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னாள் ஆஷா. இடது கை துப்பட்டாவுக்குள் இருந்தது. பார்த்ததும் சீனியம்மாள் எழுந்துவிட்டாள். சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டு, “வாட்டி” என்று அவளை ஊசி ரூமுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“கையக் காட்டு.”

“ஒண்ணுமில்லக்கா.”

“காட்டுன்னா காட்டு.”

இடது ஆள்காட்டி விரல். நகத்துக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு துளை. ரத்தம் இல்லை. ஆனால் விரல் நுனி அதற்குள் வீங்கிப் பளபளத்தது. முனீஸ் இழுத்தபோது நடுத்துண்டு வந்தது, முனை எங்கோ தெறித்திருக்கும் என்று அவன் சொன்னான் என்றாள் ஆஷா.

பீஸ்களைத் தடவிப் பார்ப்பதற்கு ஒரு கை டிடெக்டர் அங்கே ஆணியில் தொங்கும். சீனியம்மாள் அதை எடுத்து ஆஷாவின் விரலுக்குமேல் கொண்டுபோனாள். நாற்பது பீஸில் வராத சத்தம் விரலில் வந்தது. கீ என்று, நிற்காமல் வந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கருவியைத் துணிமேல் ஓட்டியிருக்கிறார்களே தவிர, துணியைத் தைத்தவள் கைமேல் ஒருத்தரும் ஓட்டியதில்லை.

ஆஷா அழுதுவிட்டாள். “ஏழு நாள்தானக்கா. நான் தாங்கிக்கிடுவேன். குக்கர் குடுத்ததும் லீவு போட்டு ஊருக்குப் போயி எடுத்துக்கிடுதேன். என்னால இருநூறு பேருக்குக் குக்கர் போச்சுன்னா ஹாஸ்டல்ல என்னய உக்கார விடுவாளுகளா? சொல்லாதீகக்கா.”

சீனியம்மாள் டிடெக்டரை ஆணியில் மாட்டினாள். கூரை வரை அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தாள். அவளுக்கும் ஒரு குக்கர் தேவைதான். வீட்டில் இருக்கும் குக்கருக்குக் கைப்பிடி ஆடுகிறது. இப்போதே முனீஸைக் கூப்பிட்டுப் பைக்கில் ஏதாவது ஒரு கிளினிக்குக்கு நைசாக அனுப்பிவிடலாமா என்றும் ஒரு நிமிஷம் யோசித்தாள். அனுப்பினால் விரல் பிழைக்கும். சரி, நாளைக்கு இன்னொருத்தி துப்பட்டாவுக்குள் கையை விட்டுக்கொண்டு வருவாள். அவளுக்கு யார் டிடெக்டர் பிடிப்பது? பெரியாத்தாள் நின்ற இடத்தில்தான் ஆஷாவும் நின்றாள். அந்த நினைப்பு வந்ததும் சீனியம்மாளுக்கு யார்மேல் என்று தெரியாத கோபம் வந்தது.

நோட்டை ஒரு கையில் எடுத்தாள். ஆஷாவின் நல்ல கையை இன்னொரு கையில் பிடித்தாள். நேரே ஆபீஸுக்குப் போனாள்.

மகுடேஸ்வரன் லிங்கசாமியோடு கன்டெய்னர் விஷயம் பேசிக்கொண்டிருந்தார். குண்டடத்தில் இன்றைக்கும் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். முப்பத்தெட்டு வயசு. நல்ல மனுஷன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். விரலைப் பார்த்ததும் டிரைவருக்குப் போன் போட்டு வண்டியை எடுக்கச் சொன்னார். அது முதல் காரியம். இரண்டாவதாக அவர் வாயிலிருந்து தானாக வந்தது, “இன்னும் ஏழே நாளு இருந்துச்சேங்க” என்பது. சொன்ன பிறகு அவருக்கே கூச்சமாகிவிட்டது.

“யாரும் ஒரு வார்த்த சொல்லலியேங்க, சீனியம்மா” என்றார்.

“சொன்னா குக்கர் போயிருமே, மொதலாளி.”

சீனியம்மாள் மேஜைமேல் நோட்டை விரித்தாள். “இதுல துண்டெல்லாம் சரியா இருக்கும். எழுதின எடந்தான் பொய். புள்ளி வச்சதெல்லாம் வெரல்ல கெடச்சது. நாந்தான் மாத்தி எழுதினேன்.”

மகுடேஸ்வரன் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பையர் ஆட்கள் வெரி குட் சொன்ன அதே பக்கங்கள். சில டேப்புகளுக்கு அடியில் தாள் பழுப்பாகக் கறை பட்டிருந்தது. புள்ளிகளை எண்ணினார். பதினொன்று. ஆஷாவோடு பன்னிரண்டு. பிறகு மெஷின் நம்பர்களைப் பார்த்தார். ஒரு தாளை எடுத்து எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“பன்னெண்டுல ஒம்போது ரெண்டாவது லைன் பேட்லாக். மூணே மெஷினு. அங்க என்னுங்க இருக்குது?”

முனீஸை வரச் சொன்னார்கள். அவன் வந்து, கைதுடைக்கும் துணியைத் திருகிக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். ஊசிக்கு முன்னால் விரல் போகாமல் தடுக்க ஒரு வளைந்த கம்பி இருக்கும். போன வருஷம் கழுத்துப் பட்டி புது மாடல் வந்தபோது, பட்டியை மடித்துவிடும் அச்சுக்கு அந்தக் கம்பி இடைஞ்சலாக இருந்தது. புரொடக்ஷன் குறைகிறது என்று லிங்கசாமி சத்தம் போட்டார். மூன்று மெஷினிலும் கழற்றினான். அந்த மாடல் ஆர்டர் முடிந்தும் திரும்ப மாட்டவில்லை. கம்பிகள் அவன் டூல்ஸ் பெட்டியிலேயே கிடந்தன.

“ஒன்பது வெரல்ல ஊசிய நாந்தான் சார் இழுத்தேன்” என்றான் முனீஸ். “இழுக்கும்போதெல்லாம், கவனமில்லாத பிள்ளன்னு வைவேன். வஞ்சிட்டுப் போயிருவேன். ஒன்பது பேருமா சார் கவனமில்லாதவளுக?”

லிங்கசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எங்க தோட்டத்துல மாடு ஒரே எடத்துல ரெண்டாந்தடவ கால மடக்குச்சுன்னா, மாட்டயா அடிப்போம்? அங்க குழி இருக்குதான்னு பாப்போம்” என்றார் மகுடேஸ்வரன். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. “போர்டு மாட்டுனது நான். குழிய மூடி மறைக்கறதுக்குக் குக்கர்ங்கற துணிய வாங்கிக் குடுத்ததும் நானேதானுங்க.”

ஆஷாவுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பை ஒட்டி ஒரு கீற்றாகத் தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் விட்டிருந்தால் விரலுக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். முனையைச் சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் காலை சீனியம்மாள் அதை எடுத்து வெள்ளைத்தாளில் வைத்துப் பார்த்தாள். மூன்று துண்டும் சேர்ந்து பதினொன்றாம் நம்பர் ஊசியின் நீளம் சரியாக வந்தது. ஒட்டினாள். ‘கிடைத்த இடம்’ என்பதில் ‘ஆஷாவின் விரலில்’ என்று எழுதினாள்.

போர்டில் பூஜ்யம் தொங்கியது. காலையில் உள்ளே வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஊசி ரூமைப் பார்த்தார்கள். செக்கிங் டேபிளில் ஒருத்தி, “நல்லா இருந்த சோத்துல மண்ணப் போட்டுட்டா, புண்ணியவதி” என்று உரக்கச் சொன்னாள். சீனியம்மாளுக்கு வலிக்கத்தான் செய்தது. இருபது வருஷம் கூடச் சாப்பிட்டவர்கள்.

பத்து மணிக்கு மகுடேஸ்வரன் மைக்கைப் பிடித்தார். குக்கர் எல்லாருக்கும் இன்றைக்கே உண்டு என்றார். கம்பெனி முழுக்கக் கைதட்டல். “ஒண்ணே ஒண்ணுங்க. வாங்க வாரப்ப, இந்த ஒரு வருசத்துல மறச்ச காயம் இருந்தாச் சொல்லிப்போட்டு வாங்கிக்குங்க. எந்த மெஷினு, எப்படின்னு மட்டும் சொன்னாப் போதும். சொன்னதுக்காக ஒருத்தரையும் ஒண்ணும் கேக்க மாட்டேன். எழுதறது சீனியம்மா.”

கைதட்டல் நின்றுவிட்டது. ஊசி ரூம் வாசலில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். முதல் முப்பது பேர் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்கள். அயர்ன் மாஸ்டர் அந்தோணிராஜ் முறை வந்தது. அவர் பெட்டியை வாங்கினார், இரண்டடி போனார், திரும்பி வந்தார். சட்டைக் கையைச் சுருட்டி முழங்கை வரை வெந்த தழும்பைக் காட்டினார். “நாலாம் நம்பர் டேபிள், ஸ்டீம் பைப்பு. மாசத்துக்கு ஒருக்கா புடுங்கிக்கும். எழுதிக்கம்மா.” அப்புறம் அடைப்பு எடுத்த மாதிரி ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு மணி அடித்தும் வரிசை கலையவில்லை. ஒரிசாக்காரப் பையன்கள் வார்த்தை கிடைக்காமல் ஜாடையிலேயே சொன்னார்கள். சாயங்காலம் எண்ணியபோது நாற்பத்து மூன்று இருந்தது. முனீஸ் அதற்கு முன்பே மூன்று கம்பிகளையும் மாட்டிவிட்டிருந்தான்.

கடைசியில் ரூமில் ஒரே ஒரு பெட்டி மிச்சம் இருந்தது. அது சீனியம்மாளுடையது. திருப்பாத அந்தப் பக்கத்தை அவள் திருப்பினாள். ‘மெஷின் அடியில்’ என்பதை அடித்துவிட்டு, ‘பெரியாத்தாள் விரலில். ஒட்டியிருக்கும் முனை வேறு ஊசி. தெரிந்தே ஒட்டினேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குக்கர் பெட்டியை எடுத்துக்கொண்டு ராயபுரம் போனாள். பெரியாத்தாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இடது ஆள்காட்டி விரல் ஒரு கணு குட்டையாக இருந்தது. உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, காப்பி கொடுத்து, ஆஷா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தாள். விஷயமெல்லாம் ஏற்கெனவே அவள் காதுக்கு வந்திருந்தது.

“குக்கர நீயே வெச்சுக்க கண்ணு. மூடியத் திருகறதுக்கு எனக்கு வெரலு பத்தாது” என்று சிரித்தாள்.

சீனியம்மாளால் சிரிக்க முடியவில்லை. “யக்கா, அன்னைக்கு நீங்க குடுத்த மொனை வேற ஊசின்னு எனக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சேதான் ஒட்டினேன்.”

பெரியாத்தாள் கீரைக்காம்பைக் கிள்ளிப் போட்டாள். இன்னொன்றையும் கிள்ளினாள்.

“உனக்குத் தெரியோணும்னுதான் தடிச்ச மொனையாப் பாத்துப் பொறுக்கிட்டு வந்தேன்” என்றாள். “நானா வாயத் தொறந்து சொன்னா, இருநூறு பேரு ஆசையக் கெடுத்த பாவம் என்ற தலைல. நீ கண்டுபுடிச்சுக் கேட்டயின்னா, நான் சொன்னதா ஆகாதல்லோ? கேப்பே கேப்பேன்னு நின்னேன். நீ டேப்ப ஒட்டிப்போட்டு, அடுத்த ஆள் வாங்கன்னே.”

சீனியம்மாளுக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள். பெரியாத்தாள், “அழாத சாமி, காப்பி ஆறுது” என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சீனியம்மாளும் கேட்கவில்லை. குக்கரை அடுப்புத் திட்டின்மேல் வைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை காலை முதல் ஆளாக ஓவர்லாக் டைலர் ஒருத்தி உடைந்த ஊசியோடு வந்தாள். மூன்று துண்டுகளையும் தாளில் வரிசையாக வைத்தாள். சீனியம்மாள் தாளைப் பார்க்கவில்லை.

“மொதல்ல ரெண்டு கையையும் காட்டு” என்றாள்.